சகலையின் மவுத் ஆர்கன்

என் சகலைக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது. எனக்கு இரண்டு டைல்ஸ் கடைகள், மூன்றாவது அடுத்த மாதம் திறக்கிறேன். இருந்தும் பொறாமை எனக்குத்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொன்னதில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, கையிலிருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு மவுத் ஆர்கன் ஊதுவான். வாசிப்பான் என்று சொல்ல என் மனசாட்சி இடம் தரவில்லை. என்ன பாட்டு என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். யாரும் சரியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. என் மனைவி தன் தங்கை வீட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷமாகிறது. நான் வாங்கித் தந்த எதற்கும் வராத சிரிப்பு, இந்த ஓட்டைப் பீப்பிக்கு மட்டும் எப்படி வருகிறது?

நேற்று மனைவியோடு அவன் வீட்டுக்கு ஒரு முடிவோடுதான் போனேன். புதுக் கடைக்கு அவனை மேனேஜராகப் போட்டுவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பும்போது எல்லோரும் தூங்கியிருப்பார்கள். அப்புறம் எங்கே ஊதுவது? பார்ப்பவர்களுக்கு இது உதவி. என் புத்தி எனக்குத் தெரியாதா!

"சகலை, ரெண்டு மடங்கு சம்பளம் தரேன். நம்ம கடைக்கு வந்துடு."

அவன் மவுத் ஆர்கனைச் சட்டையில் துடைத்தான்.

"உங்களுக்குப் பெரிய மனசுண்ணே. ஆனா எனக்கு இது போதும்."

"போதுமா? காசு வேணாம்னு யாராவது சொல்வாங்களா?"

"காசு வேணாம்னு இல்லண்ணே. சாயங்காலம் வீட்டுல இருக்கணும், அவ்ளோதான்."

கொஞ்சம் பிகு பண்ணியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேரமாச்சு, கிளம்பு" என்று மனைவியைக் கிளப்பினேன். பாதிப் பாட்டில் எழுந்து வந்தாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்து காரில் ஏறினோம்; வண்டியைக் கிளப்பாமல் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இப்ப என்ன? கடைத் திறப்புக்குப் புது வளையல் வாங்கலாமா?"

"ஒண்ணும் வேணாங்க."

"வேற என்னதான் வேணும்? சொல்லேன்."

"அந்தப் பாட்டு முடியிற வரைக்கும் இருந்திருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னிடம் எதையும் கேட்டுப் பயனில்லை என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயமாக இருந்தது.

புதுக் கடையின் எலக்ட்ரீஷியனிடமிருந்து போன் வந்தது. எடுக்காமல் அணைத்தேன்.

"இறங்கு."

"எதுக்குங்க?"

"மேல போலாம்."

சகலைதான் கதவைத் திறந்தான். உள்ளே போய்த் தரையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டான். முட்டி மடங்க மறுத்தது, எப்படியோ உட்கார்ந்தேன். அவன் விட்ட இடத்திலிருந்து ஊத, என் மனைவி ஏதோ ஒரு பாட்டைச் சொல்ல, கொழுந்தியாள் "அய்யோ, இல்லவே இல்லக்கா" என்று தலையில் அடித்துக்கொள்ள, மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.