பதினேழு மூட்டை மணல்

கனகசபை உத்தியோக காலம் முழுவதும் தூக்கில் போட்டது மணல் மூட்டைகளைத்தான். அந்த மூட்டைகளுக்குக் காய்ச்சல் வரும். தெற்கே ஒரு சிறைச்சாலையில் இருபத்திரண்டு வருஷம் தூக்குப்போடுபவராக இருந்தார். சட்டப் புத்தகத்தில் தூக்கு இருந்தது, தீர்ப்புகளும் ஒழுங்காக வந்தன, ஒரு ஆளைக்கூடத் தொங்கவிடவில்லை. ஆனாலும் விதி விதிதான். ஒவ்வொரு கைதியின் நிறைக்கும் அளவாக ஒரு மூட்டை கட்டி, திங்கட்கிழமைகளில் கயிற்றில் மாட்டிப் பலகையை விழுத்திப் பார்க்கவேண்டும். தெற்கு மணல் ஈரம் குடித்துத் தராசை ஏமாற்றும் என்பது கனகசபையின் கொள்கை. அதனால் லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் பக்கத்துச் சாட்டிக் கடற்கரை மணலை அள்ளிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். பிழை அங்கேதான் நடந்தது. தீவுப்பகுதி மணலுக்கு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. ஒருவனுடைய நிறையை ஒருமுறை கொடுத்துவிட்டால் பிறகு அவனை விடாது.

ஓய்வு பெற்றபோது பதினேழு மூட்டைகளும் லொறியில் அவருடைய ஊரான மடத்துவெளிக்கு வந்தன. கைதி மெலிந்தால் மூட்டை மெலிந்தது. கைதிக்குச் சிறையில் கோழி இறைச்சி கிடைத்த நாளில் மூட்டை கால் கிலோ ஏறியது. மழைக்கு நனையவிட்டால் அங்கே ஒருவனுக்குக் கால் வீங்கும் என்று கனகசபை மூட்டைகளைப் படுக்கையறைக்குள் அடுக்கினார்.

"பெத்த பிள்ளையளுக்குக் காய்ச்சல் வந்தா எட்டியும் பாக்காத மனிசன், மூட்டைக்குப் போர்வை போர்க்குது!" என்றார் மனைவி அன்னபூரணம்.

"மெல்லக் கதையும். ஒன்பதாம் மூட்டைக்கு இப்பதான் வேர்த்துவிட்டிருக்கு."

மூன்றாம் மூட்டை மட்டும் ஒரு மாதமாகச் சுருங்கி, ஒருநாள் காலை வெறும் சாக்காகக் கிடந்தது. அன்று மத்தியானமே சிறைக்காவலர் நடராசா தொலைபேசியில் அழைத்து, கிழவர் ஒருவர் படுக்கையில் போய்ச்சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். கனகசபை சாக்குக்கு எட்டாம் நாள் படையல் வைத்தார். ஊரில் நூறு பேர் வந்து சாப்பிட்டார்கள். குறை சொன்னவர்கள் பாயசத்தை மட்டும்தான் சொன்னார்கள்.

பிறகு கடிதம் வந்தது. தூக்கை மறுபடி தொடங்குவதென்று மேலே முடிவாகிவிட்டது. புதிதாக எடுத்த இருவர் மேடையைக் கண்டதும் ஓடினார்கள். ஒருவர் இன்னமும் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஆகவே கனகசபை வியாழக்கிழமை ஒரேயொரு நாளுக்கு வரவேண்டும். முதல் ஆள் ஒன்பதாம் மூட்டை, மன்னார்ப் பக்கத்து டிலோன்.

"வரமாட்டன் எண்டு எழுதப்போறன்," என்றார் தொலைபேசியில் நடராசாவிடம்.

"எழுதுங்கோ அண்ணை. வேறை ஆளை எடுப்பினம். டிலோனுக்குக் கழுத்து ஒண்டுதான். கயிறு போட ஊரெல்லாம் கை."

அன்னபூரணம் குசினிக்குள் இருந்து கேட்டார். "அவன் மச்சானைக் கோடாலியாலை வெட்டினவன் எல்லே?"

"ஓம், வெட்டினவன்தான். அதுக்கு நானும் ஒருத்தனை முடிக்கவேணுமோ?"

அன்னபூரணம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒன்பதாம் மூட்டையின் ஒரு நுனியைத் தானே பிடித்து முச்சக்கரவண்டியில் ஏற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, சாட்டி நிறையச் சனம். கனகசபை மூட்டையை அவிழ்த்து, தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டு, பிடிபிடியாக மணலை எடுத்து அலையில் போட்டார். முழுவதையும் போட்டால் டிலோன் அந்த நிமிஷமே முடிந்தான். மிச்சம் கூடிவிட்டால் உடம்புப் பாரத்தில் வியாழக்கிழமை கயிறு இறுகும். மறுமுனையில் நடராசா சிறைக்கம்பிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

"கட்டிலிலையிருந்து எழும்புறான் அண்ணை... இல்லை, அவன் எழும்பேல்லை, அவனை ஏதோ எழுப்புது... தலை கூரையிலை முட்டுது... காணும் அண்ணை, காணும், மூக்காலை ரத்தம்!"

இரண்டு பிடி மிஞ்சியிருந்தது. கனகசபை கையை எடுத்துவிட்டு, குளிக்கவந்த சனத்துக்கு நடுவே இருந்து அழுதார். கண்ணுக்குள் மண் விழுந்துவிட்டதாக்கும் என்று ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

வியாழக்கிழமை நெம்புகோலை இழுத்தவர் அவர்தான். அலையில் போட்ட மணல் போதுமா என்று அவருக்கும் நிச்சயம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். பலகை விழுந்தது. டிலோன் விழவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல வெறுங்காற்றில் நின்றான். வைத்தியர் நாடி பார்த்தார், ஒழுங்காக இருந்தது. அதிகாரி 'காலநிலை காரணமாக ஒத்திவைப்பு' என்று எழுதினார். மூன்று தரம் காலநிலை சரிவரவில்லை. அடுத்த வருஷம் தூக்கையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆள்கணக்கு எடுக்க ஒவ்வொரு காலையும் ஏணி வைக்கவேண்டியிருந்ததால், டிலோனைச் சில வருஷங்களில் விடுதலையும் செய்தார்கள்.

மேலே போய்விடாமல் இருக்கப் பொக்கற்றுகளில் கல்லோடு, தீவுக்கு ஓடும் குறிகட்டுவான் பஸ்ஸில் டிலோன் மடத்துவெளிக்கு வந்து இறங்கினான். மச்சானை வெட்டியவனை மன்னாரில் யாரும் வீட்டுக்குள் எடுக்கவில்லை. கனகசபை சாட்டியில் எத்தனையோ சாக்கு மணல் அள்ளிப் பார்த்தார். அவனுடைய மணல் எதுவென்று கடலுக்கும் தெரியவில்லை. அன்னபூரணம் ஒடியற்கூழும் புட்டுமாகக் கொடுத்தும் ஒரு கிலோ ஏறவில்லை.

இப்போது டிலோன் மடத்துவெளியில் பனையோலை வெட்டுகிறான். ஏணி, காலில் மாட்டும் தளைநார் எதுவும் வேண்டாம். பொக்கற்றுக் கல்லைக் கீழே வைத்தால் பனையின் உச்சி வட்டுக்குப் போய்விடுவான். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை கனகசபையின் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். அவருக்கு எழுபத்திநாலு வயது. ஓலை விழும் நேரத்திலும் கயிற்றை விட்டுக் கண் எடுக்கமாட்டார், யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். ஓலை வேண்டியவர்கள் முதல்நாளே சொல்லிவைப்பது நல்லது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுப் பலமாக அடிக்கும் மாதங்களில் இருவரும் வேலைக்கு வருவதில்லை.