மரத்தூள் வந்த மீன்தொட்டி

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளின் வீட்டு மீன்தொட்டியில் வாரம் தவறாமல் ஒரு கைப்பிடி மரத்தூள் சேர்ந்தது. அது அவள் புருஷனின் நெஞ்சிலிருந்து வந்த தூள். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அவர் காலமெல்லாம் மரம் அறுக்கும் மில்லில் ரம்பத்துக்கு எதிரே நின்றவர். தூள் நெஞ்சில் இறங்கி இறங்கி, மூன்று வார்த்தை பேசுவதற்குள் மூன்று மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார். "தண்ணி... கொஞ்சம்... குடு" என்று முடிப்பதற்குள் அவள் சொம்பை நீட்டியிருப்பாள். மனசுக்கு இதமாக எதையாவது பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று டாக்டர் சொன்னபோதே, அவர் கையில் வேறு மருந்து இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அழுதாள். அழுது முடித்துத் தொட்டி வாங்கினாள்.

"மொதல்ல தண்ணி பழகணும்மா, அவசரப்பட்டா மீன் நிக்காது" என்றார் மீன் கடைக்காரர். ஒரு மாதத்துக்கும் மேலே வெறும் தண்ணீர், கூழாங்கல், குமிழி விடும் மோட்டார், அதில் ஒரு பஞ்சு, அவ்வளவுதான். எதிர் சலூன்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? "ஊருல ஆடு வளப்பாங்க, மாடு வளப்பாங்க, இந்தப் பொண்ணு தண்ணி வளக்குது" என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொன்னார். அவள் அசரவில்லை. அந்தப் பொறுமையை யாரிடம் வாங்கிவந்தாளோ! மீன் விட்ட பிறகும் அப்படித்தான். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுவாள். குழாய்த் தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்து, மருந்து வாசனை போகத் திறந்து வைப்பாள். பஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோகவே மாட்டாள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசிப் பிழிவாள்.

முதல் வாளியிலேயே, கல்லிடுக்கிலிருந்து உறிஞ்சிய அழுக்கோடு தூளும் வந்தது. புருஷன் அதை விரலில் எடுத்து முகர்ந்தார். "தேக்கு... போன வருஷம்... அறுத்தது" என்றார். அன்றைக்குத் தலையணைகளை அடுக்கிச் சாயாமல் நேராகப் படுத்துத் தூங்கினார். அதற்கப்புறம் தூள் காலத்தில் பின்னோக்கிப் போனது. ஆஸ்பத்திரிக் கதவுக்கு அறுத்த தூள் வந்தது, பள்ளிக்கூட பெஞ்சு வந்தது, யாரோ சொல்லிவிட்டு வாங்காமலே போன ஊஞ்சல் பலகை வந்தது. மூன்று வார்த்தை ஐந்தானது. பழைய தண்ணீருக்குப் பூந்தொட்டி வைத்திருந்த வீடுகள் எல்லாம் போட்டி போட்டன. கேலி பேசிய சலூன்காரரே கடையில் ஒரு தொட்டி வைத்தார். அவள் தன் பஞ்சில் பாதியை வெட்டி, "இதுலதாண்ணே தண்ணியோட உசிரே இருக்கு" என்று கொடுத்தாள்.

அப்போதுதான் புருஷனுடைய அக்கா தம்பியைப் பார்க்க வந்தாள். கெடுக்க நினைக்கிறவள் இல்லை. பாசம் கண்ணை மறைத்துவிட்டது. நோயாளி இருக்கிற அறையில் பாசி படிந்த தொட்டியா என்று நெஞ்சு பொறுக்காமல், அவர் கையை ஆட்டி ஆட்டித் தடுக்கத் தடுக்க, மீன்களைக் குண்டானில் விட்டுவிட்டுத் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் கொட்டினாள். கல்லையும் பஞ்சையும் குழாயடியில் வெளுக்கத் தேய்த்தாள். குழாய்த் தண்ணீரையே நிரப்பி மீன்களையும் விட்டாள். தொட்டி கண்ணாடிக்கடை மாதிரி பளபளத்தது.

வேன்காரி வீடு திரும்பியபோது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நாற்காலியில் அவரும் அதே தாளத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவள் நாத்தனாரை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாளியோடு சலூனுக்கு ஓடினாள். "அண்ணே, அந்தப் பஞ்சக் குடுங்க, தண்ணியும் குடுங்க!" சலூன்காரர் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. பாதிச் சவரத்தில் இருந்த வாடிக்கைக்காரரே ஒரு கன்னத்தில் நுரையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். அவள் புதுத்தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே கொட்டினாள். சலூன் தண்ணீரை ஊற்றினாள். பஞ்சைத் தொட்டிக்குள்ளேயே பிழிந்தாள். பழுப்பு மேகம் கிளம்பியது.

"ஐயோ, சாக்கடையக் கொண்டாந்து ஊத்துறாளே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மேகம் மெல்ல அடங்கியது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவர் அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சை இழுத்து, எங்கும் நிறுத்தாமல் சொன்னார்: "ஏன்க்கா, உன் கல்யாண பீரோவுக்கு நான் அறுத்த தூளே இன்னும் உள்ளதான் கெடக்கு, அது வெளிய வர்ற வரைக்கும்கூடப் பொறுக்க முடியாம உன்ன யாரு அந்தத் தொட்டிகிட்டப் போகச் சொன்னது, வந்தமா சாப்பிட்டமா படுத்தமான்னு இருக்க மாட்டியா நீ?"

வேன்காரி ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குக் கண்ணீர் கொட்டியது. "இன்னொரு தடவ திட்டுடா தம்பி" என்றாள்.

அவர் இன்னொரு தடவையும் திட்டினார். அக்கா ஊருக்குத் திரும்பவில்லை. தண்ணீர் மாற்றும் நாட்களில், கால்வாசிக்கு மேல் ஒரு சொட்டு இறங்க விடாமல் தொட்டிக்கு முன்னால் காவல் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் பீரோத் தூள் வந்தது. அதோடு, சலூன் தண்ணீர் கலந்ததாலோ என்னவோ, முடி வெட்டி வெட்டிச் சலூன்காரரின் நெஞ்சுக்குள் இறங்கியிருந்த துணுக்கு முடியும் கொஞ்சம் வந்தது. வேன்காரி முடியைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை வாசல் செடிக்கு ஊற்றினாள்.