பைய போடு

1

இந்தக் கதை எனக்கு ஓர் அழகு நிலையத்தில் கிடைத்தது. என் முகம் முழுக்க முல்தானி மட்டியை அப்பிவிட்டு, "காயற வரைக்கும் வாயத் திறக்காதீங்க" என்று சொன்ன சுப்ரியா, தன் வாயைத் திறந்தாள். தொண்ணூற்றாறில், பாளையங்கோட்டை மைதானத்தில், கல்லூரிப் பெண்களுக்கான கால்பந்து இறுதிப் போட்டியில் அவள் ஆடியிருக்கிறாள். ஜெயித்தீர்களா என்று என்னால் கேட்க முடியவில்லை. முகம் கழுவி முடிப்பதற்குள் ஒரு கல்யாணப்பெண் சொந்தபந்தத்தோடு வந்து இறங்கிவிட்டாள். ஆக, முடிவு தெரியாத கதையைத்தான் சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடிய அந்த மாலையில்...

(வேண்டாம். ஆட்டத்துக்கும் ஆற்றுக்கும் சம்பந்தமே இல்லை. திருநெல்வேலிக் கதை என்றால் ஆற்றை ஓடவிட்டே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.)

சுப்ரியாவின் பூர்வீகம் ஆழ்வார்திருநகரி. பிறந்து வளர்ந்தது மெட்ராஸ். அப்பாவுக்கு மாற்றலானதால் இங்கே வந்து கல்லூரியில் சேர்ந்தாள். கால்பந்து அணியின் பின்வரிசையில் இடம் கிடைத்தது. இடம் மட்டும்தான் கிடைத்தது. மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி ஏட்டி, ஏளா என்று கூப்பிட்டுக்கொண்டு, தலையில் குட்டிக்கொண்டு திரிந்தார்கள். இவளிடம் மட்டும், "சுப்ரியா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்கள். அந்த 'ங்க' அவளை வாட்டியது. கோப்பையைவிட, ஒரே ஒரு 'ஏட்டி'தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

3

கோல்கீப்பர் பேச்சித்தாய், ஸ்ரீவைகுண்டத்துக்காரி. அம்மா நடவுக்குப் போகிறவள். சேற்றில் ஊறி உரமேறிய கால்கள் என்பதால் பேச்சித்தாய்க்கு...

(இதையும் அடித்துவிட்டேன். அவள் வயலில் இறங்கியதே இல்லையாம். வேதியியல் மாணவி, காலில் சேறு பட்டால் முகத்தைச் சுளிப்பாளாம்.)

ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தது. சுப்ரியாவின் அணி ஒரு கோல் முன்னால். எதிர்த்து ஆடிய நாங்குநேரி அணியிலிருந்து ஒருத்தி பாய்ந்து வருகிறாள். பந்து சுப்ரியாவின் காலில். பின்னாலிருந்து பேச்சித்தாய் கத்தினாள்: "பைய போடு. என்கிட்ட பைய போடு."

மெதுவாகத் தன் பக்கம் தட்டிவிடச் சொன்னாள். சுப்ரியாவோ, எந்தப் பையைப் போடச் சொல்கிறாள் என்று திகைத்துப்போனாள். கோல் கம்பத்தடியில் பேச்சித்தாயின் மஞ்சள் பை கிடந்தது வேறு வினையாகப் போயிற்று. கண் பையில், கால் பந்தில். பந்து பேச்சித்தாயைத் தாண்டிப் போய்ச் சொந்த வலையில் விழுந்தது. சேம் சைடு கோல்.

(இத்தனை மாதம் இங்கே இருந்தவளுக்குப் 'பைய' என்றால் தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்து யோசித்தேன். தெரியாதுதான். பூர்வீகம் இந்தப் பக்கம் என்றாலும் வீட்டில் மெட்ராஸ் பேச்சுதான். மெட்ராஸ்காரி ஆயிற்றே என்று எல்லோரும் அவளிடம், "மெதுவா போடுங்க" என்றே சொல்லிவந்தார்கள். அன்றைக்கு அவசரத்தில் பேச்சித்தாய்க்கு மரியாதை மறந்துவிட்டது.)

4

ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி அடித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மாறி மாறி அடித்ததில் அப்போதும் சமம். நாங்குநேரியின் கடைசி அடியைப் பேச்சித்தாய் பாய்ந்து தடுத்தாள். இந்தப் பக்கத்துக் கடைசி அடி பாக்கி. உள்ளே போனால் கோப்பை. அதை அடிக்க வேண்டியவள் சுப்ரியா.

முதலில் நான் எழுதியது இது: பேச்சித்தாய் அவளைக் கட்டிக்கொண்டு, "தோல்வி என்பது வெறும்..."

(சீ. எந்தக் கல்லூரிப் பெண் இப்படிப் பேசுவாள்?)

சுப்ரியா சொன்னபடி நடந்தது இது.

"நான் வேணாம். வேற யாராவது அடிக்கட்டும்" என்று அவள் குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

பேச்சித்தாய் வந்து முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஏட்டி கோட்டிக்காரி, நம்ம கோலுக்குள்ள அம்புட்டு அழகா அடிச்சியே. அங்கன அடிக்க மட்டும் முடியாதாக்கும்? போ ளா."

சுப்ரியாவுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு வந்ததில்லை.

5

பந்து புள்ளியில் இருக்கிறது. நடுவர் ஊதிவிட்டார். பந்து வலைக்குள் போவதாக ஒரு முடிவும், கம்பத்தில் பட்டுத் திரும்புவதாக ஒரு முடிவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் சுப்ரியா அதே சிரிப்போடுதான் ஓடி வருகிறாள். எவ்வளவு முயன்றும் அவள் முகத்தை என்னால் மாற்ற முடியவில்லை.

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கோப்பைதான் வேண்டும் என்பவர்கள், நீங்களே வந்து அடித்துக்கொள்ளுங்கள்.