கேட்டாலும் கொடுக்காதே

அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் தம்பியைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்து மாளவில்லை. சாவு வீட்டில் எல்லோருக்கும் தாகம் எடுத்துவிடுகிறது. குழாயைத் திறக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ வறண்ட தொண்டையால் எச்சில் விழுங்குவது கேட்டது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. அதன்பிறகு குழாயை நூலளவுதான் திறந்தாள்.

எந்நேரத்திலும் அம்மா கூப்பிட்டுவிடுவாள் என்பதுதான் அவளுடைய பயம். நேற்றிலிருந்து அம்மா எதுவுமே கேட்கவில்லை. கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

வந்திருந்த கூட்டத்துக்கு அவனைச் சுண்டெலி என்றால்தான் தெரியும். சலவைக்கூடத்துப் பெண்கள் கேலியாக வைத்த பெயர் அது. அம்மா அங்கே துணி வெளுத்தாள். அக்கா பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு இஸ்திரி போட்டாள். நோஞ்சான் பயலோ அழுக்கு விரிப்புகளை மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டு, கை சிவக்கச் சிவக்கக் குத்திக்கொண்டிருந்தான். துணி போட வந்த குத்துச்சண்டை மாஸ்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். பின்னாளில் அரங்கமே எழுந்து நின்று சுண்டெலி, சுண்டெலி என்று கத்தியது. பட்டம் வந்தது, இடுப்பில் கட்டும் தங்கநிறப் பட்டை வந்தது, இந்த மாடிவீடு வந்தது. அம்மாவின் கையிலிருந்து சலவைச் சோடா வாடை போனது.

அம்மா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். கட்டியது மூன்று பேர் வயிற்றையும். பானையில் இருப்பதைப் பங்கு வைத்தவள் அக்கா. அவன் மறுபடி தட்டை நீட்டினால், “போய்த் தூங்குடா” என்பாள். அழுது புரண்டாலும் இரங்கமாட்டாள். அந்தக் கல்மனசை நம்பித்தான் பெரிய ஆளான பிறகு அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டான்.

குத்துச்சண்டையில் எடை பார்த்துத்தான் ஆளோடு ஆளை மோதவிடுவார்கள். முந்தின நாள் சாயங்காலம் தராசில் ஏறும்போது எடை சரியாக இருந்தால் போதும். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், குடிக்கலாம். அதனால் தராசுக்கு முன்னால் உடம்பிலிருக்கும் தண்ணீரையெல்லாம் வற்றடிப்பான். ஹோட்டல் அறையில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் உடுப்பின்மேல் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பான். ஊறுகிற எச்சிலைக்கூடத் துப்பிவிடுவான். தன்மேலேயே நம்பிக்கையில்லாமல் குளியலறையைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுப்பான்.

“நான் கால்ல விழுந்தாலும் குடுக்காத. என்ன?”

ஆனாலும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் கேட்டான். பேயே, பிசாசே, நீ நல்லா இருப்பியா என்று திட்டித் திட்டிக் கேட்டான். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தராசை விட்டு இறங்கி இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்ததும் அவளைக் கட்டிக்கொண்டு சிரிப்பான். இந்தப் பிசாசு இல்லேன்னா நான் இல்ல என்று பேட்டியில்கூடச் சொன்னான்.

இந்த முறை அவன் திட்டவில்லை. வயது ஏறிவிட்டது, எடை இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. மத்தியானம் கம்பளிக்குள்ளிருந்து மெல்லக் கூப்பிட்டான்.

“அக்கா, ஒரு வாய் குடு.”

“சாயங்காலம் ஒரு குடமே குடி. இப்பப் பொறுத்துக்க.”

சரியென்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பரவாயில்லையே, பையனுக்குப் பக்குவம் வந்துவிட்டதே என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் இப்போது அவளால் தாங்க முடியவில்லை. தராசுக்கு நேரமாகிறதே என்று மாஸ்டர் வந்து கம்பளியை விலக்கியபோது அவன் உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அக்கா ஈரக்கையோடு போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“கடைசியா உங்கிட்ட என்ன கேட்டான்?”

“ஒண்ணும் கேக்கலம்மா. தூக்கத்துலயே போயிட்டான்.”

அம்மா சோடாவில் வெந்து வெந்து ரேகை அழிந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் யாரோ நாற்காலிகளை நகர்த்தினார்கள்.

“நீ மாஸ்டரப் பாக்கக் கீழ போயிருந்தியாமே. அப்ப எனக்குப் போன் பண்ணான். அக்காகிட்டச் சொல்லும்மா, ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லும்மான்னான்.”

“நீ என்னம்மா சொன்ன?”

“அக்கா சொல்றதக் கேளுன்னேன். எத்தன நாள் பட்டினி கெடந்திருக்க, ஒரு சாயங்காலம் பொறுக்க மாட்டியாடான்னு சிரிச்சேன்.” அம்மா மூச்சு வாங்கினாள். “அவனும் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.”

ஒருவரையொருவர் பார்க்க இருவராலும் முடியவில்லை. கூடத்தில் மாஸ்டர், எல்லாரும் சேர்ந்து தூக்குங்கப்பா, பாத்து, பாத்து என்று சொல்வது கேட்டது. அக்கா எழுந்து கதவருகே போய் நின்றாள்.

தூக்கியவர்கள் அவனோடு பயிற்சி எடுத்தவர்கள், ஆளுக்கு ஆள் மலைபோல் இருந்தார்கள். ஒரு சாம்பியனைத் தூக்குகிறோம் என்று காலை ஊன்றி, பல்லைக் கடித்து, மொத்த பலத்தையும் கொடுத்துத் தூக்கினார்கள். பெட்டி சட்டென்று தலைக்கு மேலே போய்விட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெல்லத் தோள்வரை இறக்கினார்கள்.