விருந்தாளிகள் வருவதற்குள்

இறந்துபோன அம்மாவின் முகம் துடைத்த தண்ணீரைக் கொட்டப் போன அலீடாசி, ஈரப்பலா மரத்தடியில் மூன்று நாய்கள் கால் விறைத்துக் கிடப்பதைப் பார்த்தாள். வாயெல்லாம் நுரை. பக்கத்தில் டின் இறைச்சியை வழித்துப் போட்டிருந்த வாழையிலை.

அம்மாவின் தம்பியும் குடும்பத் தலைவருமான தவிடா, சாவுக்கு வரும் பெரியவர்களுக்குச் சபையில் கொடுக்க வேண்டிய மெல்லிய பாய்களை முற்றத்தில் விரித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பாய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு மதிப்பு.

"மாமா, நாய்ங்களுக்கு விஷம் வெச்சது யாரு?"

"நான்தான் வைக்கச் சொன்னேன். ஆக்லாந்துலேருந்து சொந்தக்காரங்க வர்றாங்க. யாரையாச்சும் கடிச்சு வெச்சா ஊர் மானம் என்னாகறது? எல்லாம் உங்கம்மா சாவு கௌரவமா நடக்கணும்னுதான்."

"அதுங்க அம்மாவோட நாய்ங்க."

"தெரு நாய்ங்கம்மா. சோறு போட்டா சொந்தமாயிடுமா? ஜெபம் முடிஞ்சதும் குப்பை மேட்டுல தள்ளச் சொல்லியிருக்கேன். நீ போய் முகத்தைக் கழுவு."

இதே மனிதர்தான் போன வருடம் தலைநகர் அபியாவிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தபோது முதல் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார். கையில் ஒரு நாய்க்குட்டி வேறு, சட்டையில் படாமல். அந்த மருத்துவரை வரவழைக்க அம்மா ஃபுவாடினோ நடந்த நடைக்குக் கணக்கில்லை. மகளிர் சங்கத்தைக் கூட்டி, வீடு வீடாகப் போய், கல்லெறிந்தவர்களிடம் சண்டை போட்டு, ஊரில் திரிந்த நாய்களுக்கெல்லாம் குடும்பக்கட்டுப்பாடு செய்ய வைத்தாள். சர்க்கரை முற்றிக் கால் போன பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதிகாரம் பண்ணினாள்.

அந்தச் சங்கம் இப்போது சமையல் கொட்டகையில் வெள்ளுடை போட்டுக்கொண்டு சேம்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தது.

"பேனினா அக்கா, அன்னிக்கு மடியில வெச்சுப் பிடிச்சுக்கிட்டீங்களே, அதுங்கதான் அங்க கிடக்குது. ஒரு வார்த்தை தடுக்கக் கூடாதா?"

"தலைவர் சொன்னா நாம என்னடி பண்றது? விருந்தாளிங்க முக்கியமில்லையா?" என்றாள் சங்கத் தலைவி பேனினா. "உங்கம்மா இருந்தா வேற. இப்ப யாரு கேக்கப் போறா? அந்த உப்பை இப்படித் தள்ளு."

இவர்களையா அம்மா என் பெண்கள், என் பெண்கள் என்று கொண்டாடினாள்? அலீடாசி உப்பைத் தள்ளாமல் வெளியே வந்தாள்.

மணி அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரே தேவாலயத்துக்குப் போயிற்று. அவள் போகவில்லை. பெற்ற தாயின் ஜெபத்துக்கு வராத பெண் என்று சாகிறவரை பேசுவார்கள். பேசட்டும். இந்த வாய்கள் நல்லது பேசி என்ன ஆகப்போகிறது?

தள்ளுவண்டியில் நாய்களை ஏற்றி, வீட்டுக்கு முன்னால் அம்மாவுக்காக வெட்டியிருந்த குழிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே இறங்கி, மூன்றையும் அடுத்தடுத்துப் படுக்க வைத்தாள். குழிக்கென்று ஒதுக்கிய முரட்டுப் பாய்கள் ஓரமாகக் கிடந்தன. அவள் வேண்டுமென்றே முற்றத்துக்குப் போய், மாமா ஊரின் பெரிய தலைவருக்குக் கொடுக்கவென்று எடுத்து வைத்திருந்த, இருப்பதிலேயே மெல்லிய பாயைக் கொண்டுவந்து அவற்றின் மேல் விரித்தாள். அதற்கு மேல்தான் முரட்டுப் பாய்கள்.

எல்லோரும் திரும்பியபோது அவளுடைய வெள்ளுடையில் இடுப்பு வரை சேறு. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆக்லாந்து சொந்தங்கள் முன்னால் நிற்க, மாமா தொண்டையைச் செருமினார்.

"எங்க அக்கா வாயில்லா ஜீவனுங்க மேல உசிரையே வெச்சிருந்தா. அந்த அன்பை இந்த ஊரு மறக்காது."

பேனினா விம்மி விம்மி அழுதாள்.

பெட்டி கயிற்றில் இறங்கியது. எதிர்பார்த்ததற்கு முன்பே, மெத்தென்று நின்றுவிட்டது. மாமா குனிந்து பார்த்தார்.

"என்னடி இது, குழி ஆழமே இல்லையே?"

"அம்மாவுக்கு இதுதான் சரியா இருக்கும் மாமா. மண்ணைப் போடுங்க."

அவர் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பெட்டியின் நடுவில் போட்டார். அலீடாசி தன் பிடியை, ஓரத்தில் பாய் லேசாக விலகியிருந்த இடத்தில் போட்டாள்.