முன்சீட்டில் சுஜா

ராஜ்மோகனுக்கு இரண்டு வருஷமாகத் தூரப்பார்வை சரியில்லை. இது அவனுக்குத் தெரியும், அவன் மகள் சுஜாவுக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூட வேனைக் காலையும் மாலையும் ஓட்டுகிறவனுக்கு இப்படி ஒரு ரகசியம்! வேனுக்குள் சுஜாவைச் சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகள். கேட்டாலே பயமாக இருக்கிறது அல்லவா? அவனுக்கும் பயம்தான். பயந்துகொண்டே ஓட்டினான்.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். நாலாம் வகுப்புப் படிக்கும் சுஜா முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். "அப்பா, ஸ்பீடு பிரேக்கர்." "அப்பா, எதிர்ல பஸ்சு." "லெஃப்ட்ல மாடுப்பா." பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்கு இது அப்பாவும் மகளும் ஆடும் விளையாட்டு. இரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. எல்லாம் ரெங்கநாதர் புண்ணியம் என்று வெளியில் சொல்லிக்கொள்வான். மகள் புண்ணியம் என்று மனசுக்குத் தெரியும்.

ஒரு கண்ணாடியைப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போட்டானே ஆரோக்கியராஜ்! அவனும் அதே பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டியவன்தான். கண்ணாடியோடு வந்த முதல் நாளே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப் கொதித்துவிட்டது. "கண்ணு தெரியாத ஆளுகிட்டயா பிள்ளைங்கள அனுப்புறோம்?" கண்ணாடி போட்டபிறகுதான் அந்த மனுஷனுக்கு ஒழுங்காகத் தெரிகிறது என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. ஒரே வாரத்தில் பள்ளிக்கூடத்தை நடத்தும் கரஸ்பாண்டன்ட் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது ஆரோக்கியராஜ் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன்.

அந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். திருச்சியிலிருந்து சித்ராதேவி என்ற பெண் ஒரே ஒரு பெட்டியோடு வந்திருந்தாள். கண்ணாடிக் கடையே அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மெல்லிய ஸ்டீல் கம்பியை ஒரு சின்ன மெஷினில் வளைத்தால் ஃபிரேம். வட்ட வட்டமான லென்ஸில் பவருக்குத் தக்கபடி எடுத்துப் படக்கென்று அழுத்தினால் கண்ணாடி. வலது இடது என்ற பேதம்கூட லென்ஸுக்குக் கிடையாது. ஐந்தே நிமிஷம், நூற்றைம்பது ரூபாய். கூலிக்காரனும் வாங்கவேண்டும் என்று யாரோ புண்ணியவான் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். விலையைக் குறைக்கத் தெரிந்தது அவனுக்கு. கரஸ்பாண்டன்டின் வாயை அடைக்க அவன் என்ன செய்வான், பாவம்!

முதலில் டிரைவர்களைக் கூப்பிட்டார்கள். டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதலில் போகிறவன் சார்ட்டில் இருக்கும் எழுத்துகளை மனசில் வாங்கிவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். வேன் நிழலில் நின்று எல்லோரும் வாய்ப்பாடு மாதிரி உருப்போடுவார்கள். ராஜ்மோகன் நாற்காலியில் உட்கார்ந்து, தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்த அட்டையைப் பார்த்துக் கடைசி வரிவரை மளமளவென்று ஒப்பித்தான்.

"அடேயப்பா! கழுகுக் கண்ணுங்க உங்களுக்கு" என்று சித்ராதேவி சிரித்து, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மேஜைமேல் ஃபிரேம்கள் கிடந்தன. கை நீட்டினால் எட்டும் தூரம். நீட்டவில்லை.

மத்தியானம் பிள்ளைகள் முறை. மூன்று மணிக்குச் சித்ராதேவியே வேனைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுஜா.

"பாப்பா உங்க பொண்ணுங்களா? ரெண்டு வரியத் தாண்டி ஒரு எழுத்துகூடப் படிக்கலைங்க. ரெண்டு கண்ணுலயும் பவர் மூணுக்கு மேல இருக்கு. இத்தன நாளா கவனிக்காம விட்டுட்டீங்களே!"

 ராஜ்மோகன் மகளைத் தனியாக இழுத்துப் போனான். "அப்ப ரோட்டுல தெனமும் சொல்றியே பாப்பா, அது?"

"அது மனப்பாடம்ப்பா. மேலூர் ரோட்டுல திரும்பினதும் ஒரு ஸ்பீடு பிரேக்கர், ரைஸ் மில் தாண்டி ஒண்ணு. பஸ்சுன்னா சத்தம் கேக்கும்ல? மாடு எப்பவும் அந்தக் குப்பத்தொட்டிகிட்டதான் நிக்கும்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "சொன்னா நீங்க கெட்டிக்காரின்னு சொல்லுவீங்கல்ல, அதான்."

இரண்டு வருஷமும் வேன் குருட்டாம்போக்கில்தான் ஓடியிருக்கிறது! கெட்டிக்காரியைத் திட்டவும் வாய் வரவில்லை. அவளுக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தவன் யார்?

ஐந்து நிமிஷத்தில் சுஜாவின் மூக்கில் கண்ணாடி ஏறியது. "அப்பா, ராஜகோபுரத்துல கலசம் பதிமூணு! எண்ணிட்டேன்ப்பா!" என்று குதித்தாள். அந்தக் குதிப்பைப் பார்த்ததும் அவன் புத்தி மறுபடி குறுக்கே ஓடியது. இனிமேல் இவளுக்கு நிஜமாகவே தெரியுமே, இனி என்ன பயம்? மனுஷ மனசு இருக்கிறதே, அது சாக்குக் கண்டுபிடிப்பதில் மகா கெட்டி.

நாலு மணிக்கு வேன் கிளம்பியது. வானம் மூடிக்கொண்டு வந்தது. மேலூர் ரோட்டில் திரும்பியதும் வேன் ஸ்பீடு பிரேக்கரில் எகிறி விழுந்தது. பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

"ஏன் பாப்பா சொல்லல?"

சுஜா புதுக் கண்ணாடி வழியாக ரோட்டையே வெறித்துப் பார்த்தாள். இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்திருந்தாள். "மெதுவாப்பா" என்றாள். "எல்லாம் ரொம்பக் கிட்டக்க வருதுப்பா."

இருபக்கமும் வாழைத்தோப்பு, இடது ஓரத்தில் வாய்க்கால். ரோடு அவனுக்கு ஒரு சாம்பல் பட்டையாகத்தான் தெரிந்தது. அதற்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது, பிறகு இல்லை. சுஜா வீறிட்டாள். இடது பக்கம் கிறீச்சென்று ஒரு சத்தம்.

"என்ன? என்ன பாப்பா?"

"அந்தத் தாத்தாப்பா..."

"எந்தத் தாத்தா?"

"சைக்கிளத் தள்ளிட்டு வந்தாரேப்பா! நம்ம வண்டி உரசிருச்சு. வாய்க்கால்ல குதிச்சுட்டாரு. நீங்க பாக்கவே இல்லையா?"

பிரேக்கை மிதித்தான். வேனின் சைடு கண்ணாடியில் பின்னால் பார்த்தான், சாம்பல்தான். "எந்திரிச்சுட்டாரா? பாரு, எந்திரிச்சுட்டாரா?"

சுஜா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "எந்திரிச்சுட்டாரு. கைய ஓங்கித் திட்டுறாரு." பிறகு உதடு பிதுங்க அவனைத் திரும்பிப் பார்த்தாள். "தெனமும் இப்படித்தான் போனோமாப்பா?"

ராஜ்மோகன் இன்ஜினை அணைத்தான். போனை எடுத்து நம்பரை அழுத்தினான். மறுமுனையில் கரஸ்பாண்டன்ட்.

"சார், மேலூர் ரோட்டுல நிக்கிறேன். வேற டிரைவர அனுப்புங்க."

"ஏன்யா, பஞ்சரா?"

பின்னால் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல சார். எனக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வருஷமாவே தெரியல."

 "பிள்ளைங்க எங்கய்யா?" என்ற குரல் உடைந்து வந்தது.

"வண்டியிலதான் சார் இருக்காங்க."

சாவியை உருவி மகள் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெரியவரைத் தேடி வாய்க்கால் பக்கம் நடந்தான்.