வீரணன் கட்டிய தொட்டி

என் மனைவி ராக்காயியைத் திருடி என்று சொன்ன அன்று நான் சாக்கோட்டையில் ஒரு வீட்டுச் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். சேதி கொண்டுவந்தவன் கீழேயிருந்து கத்திச் சொன்னதில் தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. கையிலிருந்த கொத்துக்கரண்டியை அவன் மேலேயே எறிந்திருப்பேன், தவறி விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் எறியாமல் விட்டேன்.

முப்பத்துமூன்றாம் வருஷம், மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை அது. காரைக்குடிக்கு வெளியே சாதிக் அலி முதலாளியின் அட்டைப் பட்டறையில் ராக்காயிக்கு வேலை. முதலாளி ரங்கூனில் அட்டைத் தொழில் பழகித் திரும்பியவர். பெரிய வீடுகளில் கழித்துப்போட்ட காகிதத்தையும் வைக்கோலையும் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சட்டத்தில் அள்ளி, அடுக்கி, கல்லேற்றி நீர் வடித்து வெயிலில் காயவைப்பார்கள். அந்த அட்டையில் செய்த பெட்டிகள் மலாயாவுக்குக் கப்பலேறும். மழைக்கும் கடல் ஈரத்துக்கும் அவை தாக்குப்பிடிக்க வேண்டும். விறைப்புக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி சேர்ப்பார்கள். தண்ணீர் இறங்காமல் இருக்க, சோடா உப்பில் காய்ச்சிய குங்கிலியப் பாலை ஊற்றி, பின்னாலேயே படிகாரத் தண்ணீரையும் ஊற்றுவார்கள். படிகாரம்தான் குங்கிலியத்தை நாரோடு பிடித்து உட்காரவைக்கும் என்று ராக்காயி எனக்குச் சொல்லியிருக்கிறாள். குங்கிலியம் காய்ச்சுகிறவள் அவள். குங்கிலிய அறையின் சாவியும் அவள் இடுப்பில்தான் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். முதலாளி ஓர் அட்டையின் நாலு ஓரத்தையும் மடக்கித் தட்டுப்போல ஆக்கி, அதில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். வெற்றிலையை மென்று துப்புகிற நேரம்கூட ஆகவில்லை. அடியில் ஈரம் பூத்து, சொட்டி, அட்டை நடுவில் தொய்ந்து பிய்ந்தது.

"பழைய தேக்குத் தொட்டி இருந்தவரைக்கும் மத்தியானம் லுஹர் தொழுகைக்கு ஊத்துனா சாயங்காலம் அசர் வரைக்கும் சொட்டு இறங்காது. இப்பப் பாருங்க கொத்தனாரே. கூழ் அதே கூழ், படிகாரம் அதே படிகாரம். அப்ப என்ன கொறஞ்சிருக்கும்? நீங்களே சொல்லுங்க."

"சொல்றதுக்கு என்ன மொதலாளி இருக்கு?" என்றான் பட்டறை மேஸ்திரி சின்னச்சாமி. "சாவி யாரு இடுப்புல இருக்கோ அவுகளைத்தான் கேக்கணும். குங்கிலியத்தைச் சாம்பிராணியோட கலந்து விக்கிறதுக்குச் சந்தையில ஆளா இல்ல?"

நான் அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் ராக்காயி நடுவில் வந்து நின்றாள். அவள் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை கருப்பர் கோயில்ல கற்பூரம் அணைக்கிறேன் மொதலாளி. நான் ஒரு துண்டுகூட எடுக்கல."

முதலாளி தலையாட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அடுத்த கப்பலுக்குள் ஆயிரம் பெட்டி கொடுத்தாக வேண்டும். சத்தியம் முடிகிறவரை அவள் பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருக்கட்டும், குங்கிலியத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டார்.

கற்பூரம் அணைப்பது எங்கள் பக்கத்தில் விளையாட்டுக் காரியம் இல்லை. கருப்பர் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, 'நான் செய்யவில்லை' என்று சொல்ல வேண்டும். அதோடு முடியாது. அன்றிலிருந்து நாற்பத்தொரு நாள் ஊர்க் கண் முழுக்க அந்த வீட்டு மேல்தான் இருக்கும். காய்ச்சல் வந்தாலும், மாடு செத்தாலும், யாராவது வழுக்கி விழுந்தாலும் பொய்ச் சத்தியம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். என் வீட்டில் என் ஒரே மகள் அழகி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம் முடியப்போகிறது. அந்த நாற்பத்தொரு நாளுக்குள்தான் அவளுக்கு வலி எடுக்கும்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே வந்தேன். "உன்னய யாரு புள்ள முந்திக்கிட்டுச் சொல்லச் சொன்னது? வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. அவளுக்கு ஒண்ணுன்னா?"

"நான் எடுக்கல. எடுக்காதவளைச் சாமி என்ன பண்ணும்?"

"சாமி விட்டாலும் சனம் விடுமா?"

அவள் தலையைக் குனிந்தபடி முன்னால் நடந்தாள்.

புதன்கிழமை காலையில் நான் பட்டறைக்குப் போனது சின்னச்சாமியின் திருட்டைக் கண்டுபிடிக்க. அவன்தான் எடுத்திருப்பான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. குங்கிலிய அறை பூட்டியிருந்தது. வேலை நின்றுபோனதால் ஆட்களும் இல்லை, தொட்டியும் காலியாகக் கிடந்தது. வந்ததற்கு என் தொட்டியையாவது பார்ப்போம் என்று குனிந்தேன்.

அந்தத் தொட்டியைக் கட்டியவன் நான். பழைய தேக்குத் தொட்டி வெடித்துப்போனதும், இடுப்பு உயரத்துக்குச் செங்கல்லில் பெரிதாக ஒன்று கட்டித்தரச் சொன்னார் முதலாளி. தை பிறந்ததும் கட்டி முடித்தேன். சுண்ணாம்பை மாதக்கணக்கில் புளிக்கவைத்து, அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியது. பெரிய வீட்டு முகப்புச் சுவருக்குப் போடுகிற காரையைக் கூழ்த் தொட்டிக்குப் போட்டிருக்கிறானே என்று ஊரே கேலி செய்தது. செய்யட்டும், வீரணன் கை பட்டால் மாட்டுக் கொட்டிலும் மின்னும் என்று திமிராகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குனிந்து பார்த்தால் உள்ளே என் முகம் தெரிய வேண்டும். தெரியவில்லை. கையை வைத்தேன், மாட்டு நாக்குப்போல் சொரசொரத்தது. விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது.

"எவன்டா மணலைப் போட்டுத் தேச்சது?" என்று ஆளில்லாத பட்டறையில் கத்தினேன்.

கத்தி ஓய்ந்த பிறகுதான் சரியாகப் பார்த்தேன். கூழ் நிற்கும் அளவுவரைதான் சொரசொரப்பு. அதற்கு மேலே ஒரு சாண் அப்படியே மின்னியது. தேய்த்தவன் கோடு போட்டா தேய்ப்பான்? மூலையிலிருந்த பானையில் படிகாரத் தண்ணீர் கிடந்தது. ஒரு கை அள்ளி, மின்னுகிற இடத்தில் ஊற்றினேன். மெல்லிய இரைச்சலோடு பொடிப்பொடியாக நுரை கிளம்பி, வழிந்த தடம் முழுக்க மெருகு செத்து வெளுத்துவிட்டது.

புதுக் காரையில் ஒரு வருஷத்துக்குப் புளித்தண்ணீரும் மோரும் சிந்திவிடாதீர்கள் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வருகிறவன் நான். புளிப்பு காரையைத் தின்னும், காரை புளிப்பைத் தின்னும். படிகாரமும் நாக்கைச் சுருட்டுகிற சரக்குதானே? என் தொட்டி அதைக் குடித்துத் தீர்த்திருக்கிறது. படிகாரம் போனபின் குங்கிலியத்தை நாரில் பிடித்துவைக்க ஆள் ஏது? எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீரோடு தண்ணீராகத்தான் வடிந்திருக்கும். இந்தச் சீமையில் யாரும் காரையைச் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால்தான் என் பெண்டாட்டி மேல் சந்தேகப்பட்டார்கள்.

உடனே ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. பங்குனியில் கல்லல் ஊரில் ஒரு பெரிய வீட்டின் கல்யாணக் கொட்டகைச் சுவர் முழுவதும் என் கைக்கு வரப்போகிறது. வீரணன் காரை தொழிலைக் கெடுத்துவிட்டது என்ற பேச்சு எனக்கு முன்னால் கல்லலுக்குப் போய்விடும். ராக்காயி திருடவில்லை, சத்தியம் மெய்ச் சத்தியம், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

சாயங்காலம் அழகி குடத்தைத் தூக்கப் போனவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ராக்காயி ஓடிவந்து மகளைத் தாங்கினாள். சூட்டுவலிதான், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் அதற்குள் அடுத்த வீட்டுப் பொன்னுத்தாயி எட்டிப் பார்த்து, "வெள்ளிக்கிழமைக்கு அப்பறம் இப்பிடி வந்தா ஊரு என்னத்தா சொல்லும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் முதலாளி முன்னால் போய் நின்றேன். "மொதலாளி, குத்தம் என் தொட்டியில இருக்கும்போல. உங்க கையாலயே குங்கிலியம் நிறுத்துக் குடுங்க. பாதிக் கூழு தொட்டியில போகட்டும், பாதி மாடு தண்ணி குடிக்கிற கல்தொட்டியில போகட்டும். நாளைக்கு ரெண்டு அட்டையிலயும் தண்ணி ஊத்திப் பாருங்க."

சின்னச்சாமி சிரித்தான். "காரை எங்கயாச்சும் குங்கிலியம் திருடுமா?"

முதலாளி சிரிக்கவில்லை. சாவியை எடுத்தார். காய்ச்ச ராக்காயியைக் கூப்பிட்டால், அவள் துடைப்பத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"வேணாம் மொதலாளி. நான் கற்பூரம் அணைக்கிறேன்னு சொல்லிட்டேன். அதோட விடுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நிஜமாகவே எடுத்திருப்பாளோ என்று எனக்கும் தோன்றியது. "நீ காச்சு புள்ள" என்று கத்தினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள்.

இரண்டு அட்டையும் வெயிலுக்குப் போகும்போது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் காய வேண்டிய சரக்கு. நான் புதன்கிழமையே வாயைத் திறந்திருந்தால் அந்த இரண்டு நாளும் கிடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் கல்தொட்டி அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது.

முதலாளி ஜும்மாத் தொழுகைக்குக் கிளம்புமுன் இரண்டிலும் தண்ணீர் ஊற்றினார். "அசர் வரைக்கும் பாப்போம். ரெண்டும் ஒழுகுனா பொழுது சாயுமுன்ன கோயிலுக்குப் போயிரலாம்" என்றார். என் தொட்டியில் செய்த அட்டை அவர் வாசலைத் தாண்டுமுன்பே ஒழுகிவிட்டது. மற்றொன்று நின்றது. ராக்காயி தூணோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் கற்பூரப் பொட்டலம். நான் அட்டைக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்ததில் கழுத்தே பிடித்துக்கொண்டது. முதலாளி ஜும்மா முடிந்து வந்து பார்த்தார். சொட்டில்லை. மறுபடி போய் அசரும் தொழுதுவிட்டு வந்தார்.

சின்னச்சாமி அடியில் விரலை வைத்தான். "ஈரம்! மொதலாளி, இங்குட்டுத் தொட்டுப் பாருங்க, ஈரம்!"

காயாத ஈரமா, இறங்கிய ஈரமா, யார் பிரித்துச் சொல்வது? முதலாளி தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். அதை மடித்து அட்டையின் அடியில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எடுத்து விரித்து வெளிச்சத்தில் காட்டினார். துண்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அவர் ராக்காயியிடம் போய்ச் சாவியை நீட்டினார். "மன்னிச்சிரும்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தொட்டிய என்ன செய்ய, கொத்தனாரே?" என்றார்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு நானே உள்ளே இறங்கினேன். மெருகு மின்னிய மேல் சாணில்தான் முதல் இடி. ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ராக்காயி வந்து தொட்டி விளிம்பில் கை வைத்து நின்றாள்.

"எனக்குத் தை கடைசியிலயே தெரியும்" என்றாள். "படிகாரம் ஊத்துனா கை சுருக்குனு இழுக்கும். இந்தத் தொட்டியில இழுக்கல. நாக்குல வச்சும் பாத்தேன், சப்புனு இருந்துச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா திருடிப் பட்டம் கட்டிக்கிட்டு நின்ன? வாயில என்ன வச்சிருந்த?"

"சொன்னா உங்க காரைக்குக் கெட்ட பேரு. கல்லல் வேல போயிரும். நான் எடுக்கல, சத்தியம் பண்ணுனா எனக்கு ஒண்ணும் வராதுன்னு இருந்தேன்."

நான் கடப்பாரையைப் பிடித்தபடியே நின்றேன். அவள் குனிந்து, நான் இடித்துத் தள்ளிய துண்டு ஒன்றை எடுத்தாள். மெருகின் நடுவே ஒரு கை அகலத்துக்கு வெளுத்து வழிந்திருந்த தடம் அதில் இருந்தது.

"புதன்கிழமை மத்தியானம் பெருக்க வந்தப்ப இதைப் பாத்தேன்" என்றாள். "நீங்க கண்டுபிடிச்சிட்டீகன்னு தெரிஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்து சொல்லுவீகன்னு ராத்திரி பூராம் முழிச்சே கெடந்தேன்."

துண்டைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, அழகிக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று கிளம்பிப் போனாள்.